அசையாமல் நில், பஞ்சம்மா

2 பிப்ரவரி 1936, ஞாயிறு. பழனிசெட்டிபட்டி

காலையில் எங்கள் எருமையைப் படம் எடுத்தேன். எருமையைக் குறை சொல்ல முடியாது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது, வாயை மட்டும் அசைபோட்டுக்கொண்டு. எனக்குத்தான் கை நடுங்கியது.

கேமரா போன மாதம் வந்தது. மேகமலை எஸ்டேட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் சாமான்களைச் சின்னமனூரில் ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் கட்டிலையும் நாற்காலியையும் சுற்றி நின்றதால் இந்த டப்பா கேமரா என் கைக்கு வந்தது. ஆத்தாளுக்கு அது ‘பொட்டி’. கூடவே இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. பனி பெய்யும்போது படம் எடுப்பது எப்படி என்று அதில் இரண்டு பக்கம். படகில் உட்கார்ந்து எடுப்பது எப்படி என்று ஒரு பக்கம். எருமையை எடுப்பது எப்படி என்று ஒரு வரி கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் கேமரா வைத்திருப்பவன் என்ன செய்வான்? ஆகவே நானே எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். தேனி ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுப் பொதிக் கணக்கு எழுதும் குமாஸ்தா கர்ணன், படம் பிடிக்கும் கலையில் தான் கண்டறிந்ததை இந்த டைரியில் குறித்து வைப்பான். பின்னால் வருகிறவர்கள் பிழைத்துப் போகட்டும்.

மத்தியானம் அய்யா கூப்பிட்டார். போடி ஏலக்காய்த் தரகர் அம்மாவாசியின் அக்காள் மகன் பினாங்கில் ரப்பர் தோட்டத்தில் கிளார்க்காக இருக்கிறான். அவனுக்கு என் தங்கை பஞ்சம்மாளைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பெண்ணின் போட்டோவைப் பார்த்த பிறகுதான் பையன் லீவு போட்டுக் கப்பல் ஏறுவானாம்.

“ஏலே கர்ணா, அந்தப் பொட்டியால குடும்பத்துக்கு ஒரு பிரயோசனம் வந்துருச்சுடா” என்றார் அய்யா. அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வயசுப் பெண்ணைத் தெருவில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது, வீட்டுக்குள்தான் எடுக்க வேண்டும்.

எடுத்துவிடலாம். இதில் என்ன இருக்கிறது?

6 பிப்ரவரி, வியாழன்

ஒரு பிலிம் சுருளில் எட்டுப் படம்தான் எடுக்கலாம் என்பதை இன்றுதான் கவனித்தேன். ஏழு எருமைக்குப் போய்விட்டது. எட்டாவதில் பஞ்சம்மாளை எடுத்து, மதுரை ஸ்டுடியோவுக்கு ரயில் பார்சலில் அனுப்பினேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

படங்கள் வந்தன. உறையின் மேல் ஸ்டுடியோக்காரர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘ஐயா, ஏழு படங்களில் இருப்பது பாறையா?’

குறித்துக்கொள்: சூரியன் எடுப்பவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எருமைக்குப் பின்னால் இருந்தால் அது பாறையாகத்தான் வரும். இன்னொன்று, பாக்டரியிலிருந்து நேரே வந்து கேமராவைத் தொடாதே. சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி கண்ணாடியில் படிந்து படமெல்லாம் மூடுபனி. பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். புது வேட்டி கீறிவிடும்.

எட்டாவது படத்தில் ஒரு சேலை நிமிர்ந்து நிற்கிறது. சேலைக்கு மேலே புகை.

காரணம் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்குள் வெளிச்சம் பற்றாது. அப்படிப்பட்ட இடத்தில் பக்கவாட்டுத் தகட்டை இழுத்துவிட்டு, கேமராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்க வேண்டும். கையில் பிடித்தால் ஆடும். ஆட்டுரலின் மேல் வைக்க வேண்டும். அதுவரை எதிரே நிற்பவர் அசையவே கூடாது. இதைப் பஞ்சம்மாளிடம் பொறுமையாக விளக்கினேன்.

“தலையத் திருப்புனா அழிஞ்சே போயிருமாண்ணே?” என்று கேட்டாள்.

“மொத்தமா அழிஞ்சிரும்.”

“கொஞ்சமாத் திருப்புனா?”

“கொஞ்சமா அழியும்.”

“கண்ண மூடுனா?”

“குருடி மாதிரி வருவ.”

ஒவ்வொன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு தலையாட்டினாள். இந்த வீட்டில் என் கலையை மதித்துக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பெரிய அவமானம்.

மானேஜர் தன்னைப் பாக்டரி வாசலில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். முதலில் புகைபோக்கியை எடுத்தேன். பிறகு மானேஜரை எடுத்தேன். நடுவில் திருகாணியைத் திருப்பி பிலிமைச் சுற்ற மறந்துவிட்டேன். ஒரே படத்தில் இரண்டும் விழுந்து, மானேஜர் தலையில் புகைபோக்கி முளைத்துப் புகை விடுகிறது. உறையில்: ‘ஐயா, பிலிமைச் சுற்றவும்.’

மானேஜர் வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். மறுநாளிலிருந்து பொதி எண்ண என்னை வெயிலில் நிறுத்துகிறார்.

வீட்டில் அய்யா அந்தப் படத்தைப் பார்த்து வேட்டி அவிழச் சிரித்தார். எப்படி வந்தது என்று கேட்டார். சுற்றாவிட்டால் முதல் படத்தின் மேலேயே அடுத்த படமும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று விளக்கினேன்.

“ஒரே பாயில ரெண்டு பேரு படுத்த மாதிரியா?”

“அதேதாய்யா.”

மறுபடி சிரித்தார். அவருக்கு ஒரு சிரிப்பு. எனக்கு வெயில்.

8 மார்ச், ஞாயிறு

மூன்றாவது சுருள். எட்டும் பஞ்சம்மாளுக்கே ஒதுக்கினேன். ஆட்டுரல், கேமரா, மூச்சைப் பிடித்த நான், எல்லாம் சரியாக இருந்தன. இன்று படங்கள் வந்தன. இரண்டில் கண் மூடியிருக்கிறாள். மூன்றில் முகத்தைக் காணோம். ஒன்றில் இரண்டு மூக்கு. ஒன்றில் தும்மல். கடைசியில் ஆளையே காணோம். பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாளாம்.

ஸ்டுடியோக்காரர் இந்தத் தடவை விரிவாக எழுதியிருக்கிறார்: ‘ஐயா, ஒரு விதி சொல்கிறேன். படத்தில் ஓர் ஆள் மட்டும் கலங்கினால் அந்த ஆள் அசைந்தார். சுவர், தூண், எல்லாமே கலங்கினால் எடுத்தவர் அசைந்தார். உங்கள் படத்தில் சுவர் தெளிவு. பெண்ணுக்கு ஏதாவது நரம்புக் கோளாறா?’

அய்யாவிடம் கடைசி வரியைக் காட்டவில்லை.

ஆத்தா சொல்கிறாள், “புள்ளைக்குக் கூச்சம்டா. நீ அந்தப் பொட்டிக்குள்ள தலையக் கவுத்துக்கிட்டு மாடு மூச்சு விடுற மாதிரி நின்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது.”

இருக்கலாம். இனிமேல் மெதுவாக மூச்சு விட வேண்டும்.

15 மார்ச், ஞாயிறு

தெருக்கோடியில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டு, படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இனி யாருக்கும் மதுரையிலிருந்து ஆள் தேவையில்லை என்ற பேச்சு எழுந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த இடத்தில் அதை வெளியே காட்டவில்லை.

குறித்துக்கொள்: அசையாதவர் என்ற வகையில் இவர்களுக்கு நிகரில்லை. ஆனால் சுற்றி இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை மார்பில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள், கேமராவைத் தூக்கியதும் சட்டென்று நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தி லேசாகச் சிரித்துவிட்டாள். ‘சரி’ என்று நான் சொன்னதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

குழந்தைகளைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மானேஜரின் கைக்குழந்தையை எடுக்கப் போனபோது எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கிலுகிலுப்பை ஆட்டி, கை தட்டி, குதித்தார்கள். குழந்தை பயந்து அழுதது. குழந்தையைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் முதலில் உறவினர்களை வெளியேற்று.

29 மார்ச், ஞாயிறு

வீட்டில் சொல்லாமல் சின்னமனூர் போய்வந்தேன். பருத்தி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். அய்யாவின் கூடப்பிறந்த தங்கை, மொக்கம்மாள் அத்தை, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகன் ஒச்சாண்டி பஞ்சம்மாளுக்கு முறைமாப்பிள்ளை. பஞ்சம்மாள் பிறந்த அன்றே ‘இது எம் மருமக’ என்று அத்தை சொல்லிவிட்டாளாம். மூன்று வருசத்துக்கு முன்னால் குலசாமி கோயிலில் கிடா வெட்டினார்கள். தலைக்கறி அய்யாவின் இலைக்கு வந்திருக்க வேண்டும். அத்தை புருசன் இலைக்குப் போய்விட்டது. அய்யா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்துவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. ஒரு ஆட்டுத் தலைக்காக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அய்யாவிடம் அந்த வீட்டுப் பேச்சை எடுத்தால் சோற்று வட்டில் பறக்கும்.

எனக்கு வேண்டியது அந்த வீட்டுக் காளை. பொங்கலுக்கு மஞ்சுவிரட்டில் யாரையும் தொடவிடாத, சாம்பல் பூத்த வெள்ளை நிற மயிலைக் காளை. அத்தை என்னைப் பார்த்ததும் அழுதாள், அழுதுகொண்டே வடை சுட்டாள். ஒச்சாண்டி மச்சான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குறித்துக்கொள்: காளையை முன்னாலிருந்து எடுக்காதே. கேமரா வயிற்றோடு இருக்கும், நீ குனிந்து அதற்குள் பார்த்துக்கொண்டிருப்பாய். காளை சின்னதாகத் தெரியும். சின்னதாகத்தானே இருக்கிறது என்று நினைப்பாய். நிமிரும்போது அது அங்கே இருக்காது, இங்கே இருக்கும். வைக்கோற்போர் பக்கத்தில் இருப்பது நல்லது.

12 ஏப்ரல், ஞாயிறு

காளைப் படம் வந்தது. அற்புதம். கொம்பு, திமில், கண், அத்தனையும் தெளிவு. பஞ்சம்மாளிடம் மட்டும் காட்டினேன்.

“கயித்தப் பிடிச்சிருக்குறது யாருண்ணே?”

“ஒச்சாண்டி மச்சான்.”

“தலையக் காணோம்.”

“காளை முழுசா விழணும்னா மனுசன் தலை கொஞ்சம் வெட்டுப்படும்.”

“கொஞ்சமா? கழுத்தோட போயிருக்கு” என்று சொல்லிவிட்டு விசுக்கென்று எழுந்து போனாள். இன்றைக்கு என் குழம்பில் உப்பே இல்லை. ஒரு கலைஞன் காளையை எடுப்பானா, கயிறு பிடிக்கிறவனை எடுப்பானா? இதெல்லாம் பெண்பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

13 ஏப்ரல், திங்கள்

அம்மாவாசி ஆள் அனுப்பியிருக்கிறார். போட்டோ எங்கே என்று கேட்கிறார்கள். அய்யா என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன்.

12 மே, செவ்வாய்

வீரபாண்டித் திருவிழா. வீட்டோடு போயிருந்தோம். சுருள் முழுவதையும் கூட்டத்திலேயே செலவழித்தேன்.

கூட்டத்தை எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கேமராவைத் தூக்கினால் கூட்டம் நின்றுவிடுகிறது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு விறைப்பாக நின்று என்னையே பார்க்கிறார்கள். தீச்சட்டி எடுத்து வந்தவர்கூட நின்றுவிட்டார். நான் குனிந்து பார்த்து, நகர்ந்து, வெயிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “சீக்கிரம் எடுப்பா, கை சுடுது” என்றார் அவர். ஆத்தா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

20 மே, புதன்

எழுதக் கை ஓடவில்லை.

திருவிழாப் படங்கள் வந்தன. தீச்சட்டிக்காரரின் படம்தான் சிறந்தது. அதில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். தீச்சட்டிக்காரர், பலூன் விற்பவர், போலீஸ்காரர், கடைவாசலில் நிற்கும் நாய் வரை. இரண்டு பேரைத் தவிர.

இடது ஓரத்தில் வளையல் கடை. அங்கே பஞ்சம்மாள் நிற்கிறாள். முகம் அப்படியே தெளிவாக விழுந்திருக்கிறது. இமைமுடியை எண்ணலாம். நான் துள்ளிக் குதித்துக் கத்தரிக்கோலைத் தேடினேன். அவளை மட்டும் வெட்டி எடுத்துப் பினாங்குக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

வெட்டப் போகும்போதுதான் அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு மாட்டு வண்டி. வண்டியில் சாய்ந்துகொண்டு ஒச்சாண்டி மச்சான். இந்தத் தடவை தலையோடு இருக்கிறார். அவர் இவளைப் பார்க்கிறார். அத்தனை சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இரண்டு பேரும் அசையவே இல்லை.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

21 மே, வியாழன்

காலையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டினேன்.

“இதுல மட்டும் எப்படி அசையாம நின்ன?”

பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். “நீ எடுக்குறது தெரியாதுண்ணே.”

“தெரிஞ்சிருந்தா?”

“அசைஞ்சிருப்பேன்.”

“அப்ப வீட்டுல எடுத்ததெல்லாம்?”

“நீதானே சொல்லிக் குடுத்த. கொஞ்சமாத் திருப்புனா கொஞ்சமா அழியும்னு. நீ ‘ம்’முனு சொல்லி மூச்சப் பிடிப்பேல்ல, அப்பத் திருப்பிருவேன்.”

அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் நான் என்ன கேட்டேன் தெரியுமா? “அப்ப தப்பு எம் மேல இல்லையா?” என்று கேட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மையில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மூன்று மாதமாக நான் ஒரு கையாலாகாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கப்பல்ல கூட்டிட்டுப் போயிட்டாகன்னா நான் எப்பண்ணே திரும்பி வருவேன்? ஆத்தாளுக்கு ஒண்ணுன்னாக் கூட வர முடியாது. அத்தை வீட்டுக்குப் போன்னு சொல்லு, இப்பவே நடந்து போறேன்.”

“அய்யாட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“நீ சொல்லேன்.”

சொன்னால் சோற்று வட்டில் பறக்கும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

24 மே, ஞாயிறு

அம்மாவாசி நேரிலேயே வந்துவிட்டார். கையில் பினாங்குப் பையனின் படம். நல்ல படம், பையனும் நல்ல பையனாகத்தான் தெரிகிறான். அவனைக் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று வெகுநேரம் பார்த்தேன். காலணி பளபளக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை.

“தம்பிக்குச் சிரமம் வேண்டாம்” என்றார் அம்மாவாசி. “மதுரை ஸ்டுடியோக்காரரையே பேசிட்டேன். ஆனி பொறந்ததும் கூட்டியாறேன். அவுககிட்ட ஒரு இரும்புக் கொறடு இருக்கு. கழுத்துக்குப் பின்னால வச்சுத் தலையப் பிடிச்சுக்கிட்டா எப்பேர்ப்பட்ட ஆளும் அசைய முடியாது. அந்தப் பொண்ணு மூஞ்சிய ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு அவுகளும் சொன்னாக.”

அய்யா சரி என்றுவிட்டார். கதவுக்குப் பின்னால் பஞ்சம்மாள் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

என்னடா செய்வ, கர்ணா? பெரிய கேமராக்காரன். எருமையப் பாறையாக்குனவன். ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தப் பொட்டி ஒண்ணுதான். அதுலயும் ஒழுங்காத் தெரிஞ்சது தப்பு மட்டுந்தான்.

25 மே, திங்கள்

தப்பு மட்டும்தான் தெரியும் என்று நேற்று எழுதியதை இன்று பொதி எண்ணும்போது நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே புகைபோக்கி.

31 மே, ஞாயிறு

சின்னமனூர். மச்சானிடம் விவரம் சொன்னேன். காது மடல்வரை சிவந்துபோய், “அது எப்படி மாப்ளே பலிக்கும்?” என்றார். அய்யாவுக்குக் கோடாங்கி சின்னக்கருப்பு பேரில் இருக்கும் நம்பிக்கை ஊருக்கே தெரியும். மாடு ஒரு நாள் தண்ணீர் குடிக்காவிட்டால்கூடக் குறி கேட்கப் போய்விடுவார். பெண்ணின் படத்தில் காளை வந்து நின்றால் சும்மா இருப்பாரா?

குறித்துக்கொள்: தெரியாமல் செய்தால் புகைபோக்கி. தெரிந்து செய்ய வேண்டுமானால், முதல் படத்தில் எடுப்பது வெளுப்பாகவும் அதற்குப் பின்னால் இருப்பது இருட்டாகவும் இருக்க வேண்டும். வெளுப்பு பதியும். இருட்டான இடம் அடுத்த படத்துக்குக் காலியாகக் கிடக்கும். மயிலைக் காளையைத் தொழுவத்தின் இருண்ட வாசலுக்கு முன்னால், ஓரமாக நிறுத்தினேன்.

“மச்சான், கயிறக் கட்டிட்டு நீ தள்ளிப் போ.”

“ஏன் மாப்ளே, இந்தத் தடவையும் தலைய வெட்டிருவியா?”

எடுத்தேன். சுற்றவில்லை. பழக்கத்தில் திருகாணியைத் திருப்பிவிடுமோ என்று பஸ்ஸில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

3 ஜூன், புதன்

அய்யா வயலுக்குப் போனதும் பஞ்சம்மாளை நிறுத்தினேன். பின்னால் நெல் மூட்டைகளின் இருட்டு. கேமரா ஆட்டுரல் மேல். “இந்தத் தடவை மட்டும் அசைஞ்ச, நேரே பினாங்குதான்” என்றேன்.

எருமை கத்தியது. வாசலில் காற்று கதவைப் படாரென்று அடித்தது. அவள் இமைக்கவில்லை.

14 ஜூன், ஞாயிறு

வந்துவிட்டது. உறையில்: ‘ஐயா, பிலிமைச் சுற்றவும், சுற்றவும் என்று எத்தனை தடவை எழுதுவது? ஆனால் பெண் முகம் முதல் தடவையாகத் தெளிவு. மகிழ்ச்சி.’

ஒரு தப்பு செய்திருக்கிறேன். கேமராவின் சின்னக் கண்ணாடியில் பார்க்கும்போது இடம் வலமாகத் தெரியும். இத்தனை மாதமாகியும் அது எனக்கு மறந்துவிடுகிறது. காளையை மரியாதையாக ஒரு மூலையில் நிறுத்த நினைத்தேன். அது பஞ்சம்மாளின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறது. இவளும் அதற்குத் தோள் கொடுத்த மாதிரி நிற்கிறாள்.

உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் அய்யாவிடம் கொடுத்தேன். “நான் பஞ்சம்மாளத்தான்யா எடுத்தேன். இது எப்படி வந்துச்சுன்னு தெரியல” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

“இந்தக் கொம்பப் பாத்தியாடா? வலது கொம்பு உள்ள வளைஞ்சிருக்கு.”

“ஆமாய்யா.”

“நம்ம வீட்டுல ஒரு மயிலைப் பசு நின்னுச்சு. நீ பொறக்கல அப்ப. அதுக்கும் இப்படித்தான் வளைஞ்சிருக்கும். ஒங்க அத்தை கலியாணத்துக்குச் சீரா ஓட்டிவிட்டேன். மொக்கம்மா அதோட கழுத்தக் கட்டிக்கிட்டே இங்கனயிருந்து சின்னமனூர் வரைக்கும் நடந்து போனா.” கொம்பின் மேல் விரலை வைத்து, “அதோட வம்சம்” என்றார்.

சாப்பிட வரவில்லை. படத்தையும் திருப்பித் தரவில்லை.

15 ஜூன், திங்கள்

காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படத்தை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினார். “சின்னக்கருப்பப் பாத்துட்டு வாரேன்.” நான் பாக்டரியில் பொதிகளைத் தப்புத் தப்பாக எண்ணினேன். கோடாங்கி வேறு எதையாவது சொல்லித் தொலைத்தால்? கிடா கேட்டால்? பேய் என்றால்? பஞ்சம்மாளைப் பிரம்பால் அடிக்கச் சொன்னால்? இதையெல்லாம் நான் ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை?

சாயங்காலம் வந்தார். கால் முழுவதும் புழுதி. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆத்தாளிடம் சொன்னார்.

“கேட்டு வந்த காளையத் திருப்பி அனுப்பக் கூடாதாம். கோடாங்கி சொல்லிட்டாக. சாமி வாக்கு. நாம என்ன செய்ய முடியும்?”

ஆத்தா கையெடுத்துக் கும்பிட்டாள். பஞ்சம்மாள் எருமையைப் பார்க்கப் போகிறேன் என்று ஓடினாள். அங்கே போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

17 ஜூன், புதன்

அம்மாவாசிக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. சாமி வாக்கு என்றதும் அவரும் மறுபேச்சுப் பேசவில்லையாம். கொறடு மதுரையிலேயே இருக்கட்டும்.

5 ஜூலை, ஞாயிறு

இன்று நடந்ததை யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கோடாங்கி சின்னக்கருப்பு எதிரே வந்தார். தன்னை உடுக்கையோடு ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்றார். கண்டிப்பாக எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் குடும்பத்துக்கு நல்ல வாக்குச் சொன்னதற்காகக் கும்பிட்டேன்.

“என்ன வாக்கு?” என்றார்.

“போன மாசம் அய்யா வந்தாகள்ல, படத்தோட.”

“ஒங்கய்யாவா? தை மாசத்துக்கப்புறம் அவுக எங்கிட்ட வரவே இல்லையே.”

அப்படியானால் அன்றைக்கு அவர் எங்கே போனார்? காலில் அவ்வளவு புழுதி. சின்னமனூர் வரை நடந்து, வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பினாரா? உள்ளே போனாரா? மானேஜர் தலையில் புகைபோக்கி முளைத்ததைப் பார்த்து வேட்டி அவிழச் சிரித்தவர் அவர்தானே. ஒரே பாயில் இரண்டு பேர் என்று கேட்டவரும் அவர்தானே. அவருக்கு நான் சாமி காட்டப் போனேன்.

வீட்டுக்கு வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்னடா?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

12 ஜூலை, ஞாயிறு

பரிசம் போட அத்தை வீட்டார் வந்தார்கள். அத்தை முதலில் இறக்கி வைத்தது பூத்தட்டு அல்ல. வாழை இலை போட்டு மூடிய பெரிய வட்டில். உள்ளே தலைக்கறி. அய்யா இலையை விலக்கிப் பார்த்தார். பாதியை எடுத்து அத்தை புருசன் இலையில் வைத்துவிட்டு, தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காரம் என்றார். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

19 ஜூலை, ஞாயிறு

பினாங்குப் பையனுக்குப் போடியிலேயே வேறு பெண் பார்த்துவிட்டார்கள். பெயர் ஞானபாக்கியம். ஸ்டுடியோக்காரரால் மதுரையை விட்டு வர முடியாததால் படம் எடுக்க அம்மாவாசி வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கப்பலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். ‘ம்’ என்றேன், நின்றாள். ஒரே படம். முத்து மாதிரி வந்திருக்கிறது.

30 ஆகஸ்ட், ஞாயிறு

கலியாணம். கோயில் வாசலில் நல்ல காலை வெயில், என் முதுகுக்குப் பின்னால். கண்ணாடியைப் பழைய வேட்டியால் துடைத்தேன். பிலிமைச் சுற்றினேன். சுற்றிவிட்டேனா என்று மறுபடி பார்த்தேன். மச்சான் தலை முழுதாக விழுகிறதா என்று பார்த்தேன். உறவினர்களை நகர்த்தினேன். ஒரே ஒரு பிலிம்தான் மிச்சம் வைத்திருந்தேன்.

கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “அசையாம நில்லு, பஞ்சம்மா” என்றேன்.

“நின்னுக்கிட்டுத்தான் இருக்கேண்ணே. நீ எடு” என்றாள்.

9 செப்டம்பர், புதன்

கலியாணப் படம் வந்தது. உறையில்: ‘ஐயா, மணமக்கள் அசைந்துவிட்டார்களா?’

அய்யா வெகுநேரம் பார்த்துவிட்டு, இதையே சட்டம் போட்டு மாட்டு என்று சொல்லிவிட்டார். மாட்டியாகிவிட்டது.

அவர்கள் அசையவில்லை. பஞ்சம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் படத்தில் அவளோடு சேர்ந்து மச்சானும், கோபுரமும், வாசலில் கட்டிய வாழைமரமும் கலங்கியிருக்கின்றன.